எட்டுக் கை, அறுபத்து நான்கு கை

ஜூன் 3

தம்பிக்கு,

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், வேகமா ஓடுறவன் கெட்டிக்காரனா, நிறைய சுமக்கிறவன் கெட்டிக்காரனா?" என்று கேட்டாள். இயற்பியல் வகுப்பு, திறன் பற்றிய பாடம். வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, "ரெண்டையும் பெருக்கிப் பாரு" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

வீடியோவில் கலந்துகொண்ட நேற்றைய கமிட்டிக் கூட்டம் முடிந்ததும் அவள் நினைவுக்கு வந்தாள். உனக்கு ஆறு முறை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான். போனில் மூன்றாவது நிமிடத்தில் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடும். காகிதத்தில் ஏறினாலும் தலைவர் காதில் விழாது.

பழைய சர்வருக்கு நான் ஏன் கை தூக்கினேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். பாடத்திட்டம் திடீரென்று மாறிவிட்டது. பார்வையற்றவர்கள் அறுபத்து மூன்று பேர் நம் பேசும் புத்தக நூலகத்தை நம்பி ஜூலை 27 அன்று அரசுத் தேர்வு எழுதப் போகிறார்கள். ஐம்பத்தெட்டுப் புதுப் புத்தகங்களை ஒலியாக்கித் தர வேண்டும். ஆட்களை வைத்து வாசிக்க நேரமில்லை, கம்ப்யூட்டர்தான் வாசிக்க வேண்டும். இரண்டு வியாபாரிகள் ஆளுக்கொரு சர்வரைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் இந்த வருடத்துப் பிராசசர், உள்ளே அறுபத்து நான்கு கோர், வேலை செய்கிற கைகள் மாதிரி. இன்னொன்று யாரோ எட்டு வருடம் உழைக்கவைத்துத் தள்ளிவிட்டது, எட்டுக் கோர், விலை ஆறில் ஒரு பங்கு.

ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னேன். பழையதற்கு இரண்டு மணி பத்து நிமிடம், புதியதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம். அரை மணி வித்தியாசம். ஐந்து மைல் நடக்கிற இரண்டு பேரில் ஒருவன் கொஞ்சம் முன்னால் போகிறான் என்பதற்காக அவனுக்கு ஆறு மடங்கு கூலி கொடுப்போமா? இவ்வளவுதான் என் கணக்கு. உன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

மகள் வீட்டில் காலை நீட்டியபடியே கிடக்கிறேன். கட்டுப் பிரிக்க இன்னும் ஐந்து வாரம். நேரில் இருந்திருந்தால் இதையெல்லாம் உன் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தே பேசியிருப்பேன்.

அன்புடன்,
அண்ணி

*

ஜூன் 6

அண்ணிக்கு,

வணக்கம். சோதனை முடிந்து பழைய சர்வர் மெஷின் ரூமுக்கு வந்து சேர்ந்தது. மூன்று பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கினோம். ஓடத் தொடங்கியதுமே கீழ்க் கடை டெய்லர் படியேறி வந்து, "என்ன சார், மாவு மில்லு வச்சிட்டீங்களா? ஊசி நூல் எல்லாம் ஆடுது" என்றார். அன்றிலிருந்து அதற்கு மில் என்றே பெயர்.

நீங்கள் முப்பத்தைந்து வருடம் ஆசிரியை. ஒரே ஒரு மாணவனை எழுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டு, அதை வைத்துப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் மார்க் போட்டதுண்டா? அந்தச் சோதனையில் அதைத்தான் செய்தீர்கள்.

ஒரு அத்தியாயத்தை ஒரு கோர்தான் வாசிக்கும். புதிய சர்வரில் மற்ற அறுபத்து மூன்று கோர்களும் கை கட்டிச் சும்மா நின்றன. அந்த நிலையில்தான் உங்கள் சோதனை கடிகாரத்தைப் பார்த்தது. உங்கள் ஓட்டு முடிந்த பிறகு, வியாபாரி பெட்டி கட்ட வருவதற்கு முன், புதியதில் அறுபது அத்தியாயங்களை ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டரை மணி நேரத்தில் அறுபதும் முடிந்தன. அறைகூடப் பெரிதாகச் சூடாகவில்லை.

மில்லில் எட்டுப் போட்டேன். எட்டும் சேர்ந்து ஓடினால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொள்கின்றன. அதன் நினைவகத்துக்குப் போகிற பாதை அவ்வளவு குறுகல். ஆக எட்டுக்கு மூன்று மணி இருபது நிமிடம். வீட்டு ஓனர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று எழுதியே வாங்கிக்கொண்டார், சுவரில் ஓடுகிற மின்கம்பி சுடுகிறதாம். நாளைக்கு மூன்று தடவை, இருபத்து நான்கு அத்தியாயம்.

மொத்தம் ஆயிரத்து நாற்பத்து நான்கு அத்தியாயங்கள். புதியதில் முடித்த அறுபதைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிக்கு நாற்பத்தொரு நாள். கரண்ட் போகாமல், மில் படுக்காமல் இருந்தால் கடைசிப் புத்தகம் ஜூலை 15 அன்று தயார். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். புதிய சர்வர் இருந்திருந்தால் ஐந்தே நாள். ரெண்டையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வியாழக்கிழமை, தேர்வு எழுதும் அறுபத்து மூன்று பேரில் ஒருவரான ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டரம்மா வந்திருந்தார். வயது வரம்பில் இதுதான் அவருக்குக் கடைசித் தடவை, உங்களுக்கே தெரியும். "சார், புக்கு எப்போ?" என்றார். "வருதும்மா" என்றேன். "பஸ் ஸ்டாண்டுல கூட இப்படித்தான் சார் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, உட்காராமல், கைத்தடியை மடக்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

இப்படிக்கு,
மெஷின் ரூம்

*

ஜூன் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உன் கணக்கைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. தவறு என்னுடையது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். அரிசி வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கை போதும். ஆயிரம் பேருக்குச் சமைக்க அடுப்பில் ஒரே நேரத்தில் எத்தனை பானை ஏறும் என்பதைப் பருக்கையை நசுக்கிக் கண்டுபிடிக்க முடியாது. நான் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சமையல்காரரையே முடிவு செய்துவிட்டேன்.

நேற்று தலைவரிடம் பேசினேன். "டீச்சர், நீங்கதானே பழசு போதும்னு சொன்னீங்க. வாங்கியாச்சு, பில்லும் போட்டாச்சு. இனிமே மாத்தினா மெம்பர்ஸ் என்ன நினைப்பாங்க?" என்றார். என் சொல்லையே எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுத்தார். கட்டுப் போட்ட காலோடு கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எழுந்து நடக்கக்கூட முடியாது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அந்தச் சோதனையை நான் சொன்னபோது நீ அங்கேயேதான் இருந்தாய். "சரிங்க அண்ணி" என்றாய், வேறொன்றும் சொல்லவில்லை. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன் நீ. ஒரு அத்தியாயத்தை ஒரு கோர்தான் வாசிக்கும் என்று அன்றைக்கும் உனக்குத் தெரியும். ஏன் வாயைத் திறக்கவில்லை?

சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணி

*

ஜூன் 13

அண்ணிக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டேன், அதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.

உங்கள் சோதனையிலேயே புதியது பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று நினைத்தேன். எட்டு வருட இடைவெளி, ஒரு கோருக்கு ஒரு கோர் வைத்தாலே பாதி நேரத்தில் முடித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் கட்டிய தராசிலேயே உங்கள் பக்கம் தோற்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அண்ணன் இருந்தவரை நம் வாக்குவாதங்களில் நடுவராக அவர் இருந்தார், பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார். ஒரு தடவையாவது கடிகாரமே எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அரை மணி வித்தியாசத்தில் என் வாய் நிரந்தரமாக மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

இப்போது நிலவரம். மில் எட்டு நாளில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அத்தியாயங்களை முடித்திருக்க வேண்டும். முடித்தது நூற்று நான்கு. மதிய வெயில் ஜன்னலில் விழுந்ததும் சூடு தாங்காமல் தானே நின்றுவிடுகிறது. நின்றால் அந்த எட்டும் முதலிலிருந்து. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு எதிரில் டேபிள் ஃபேன் வைத்திருக்கிறேன். டெய்லர் நனைத்த துணியைக் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினார். "காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி பாத்துக்கிறீங்களே சார்" என்கிறார்.

இந்த வேகத்தில் போனால் கடைசி அத்தியாயம் ஆகஸ்ட் 19. பரீட்சை முடிந்து மூன்று வாரம் கழித்து.

படிக்க இரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும் என்றால், ஐம்பத்தெட்டில் இருபத்தேழு புத்தகங்களை இப்போதே கைவிட வேண்டும். எந்த இருபத்தேழு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் முடியாது. நான் ஒரு பட்டியலை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கு எதிரிலும் யாருக்கு வேண்டும் என்று பெயர் இருக்கிறது. பொருளாதாரத்தை அடித்தால் நாலு பேர், புள்ளியியலை அடித்தால் ஆபரேட்டரம்மா.

ஜூலை முடிந்ததும் நான் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இதை இப்போதைக்குத் தலைவரிடம் சொல்ல வேண்டாம்.

மெஷின் ரூம்

*

ஜூன் 16

தம்பிக்கு,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் மில்லை நிறுத்து. ஏன் என்று கேட்காமல் முதலில் நிறுத்து, பிறகு உட்கார்ந்து படி.

உன் இருபத்தேழை நான் தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். பரீட்சை அறையில் ஒரு நாளும் யாரையும் வெளியே போகச் சொல்லாதவள், பேனாவைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில், புள்ளியியலை விட்டால் சமாளிப்பாரா என்று ஆபரேட்டரம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போட்டேன். இரண்டு நோயாளிகளுக்கு லைன் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"முடிஞ்ச புக்கு ஒண்ணு கொடுத்திருக்காங்களே, கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன் டீச்சர். குரல் ரொம்ப அழகா இருக்கு."

"படிக்க வசதியா இருக்கா?"

"அழகா இருக்குன்னு சொன்னேனே டீச்சர்."

தம்பி, முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவளுக்கு, புரியவில்லை என்பதைப் புரிந்தது என்று சொல்கிற குரல் எது என்று தெரியும். விடாமல் கேட்டேன். அதற்குப் பிறகுதான் கொட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க யாரும் சாதாரண வேகத்துல கேக்க மாட்டோம். நான் மூணு மடங்கு வேகத்துல வச்சுத்தான் கேப்பேன், இல்லேன்னா வேலைக்கும் போய்ட்டு எப்போ படிச்சு முடிக்கிறது? உங்க குரல் மனுஷங்க மாதிரி மூச்சு விடுது, ஏறுது, எறங்குது. மூணு மடங்குல வச்சா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழைஞ்சு போகுது. என் போன்ல ஒரு பழைய குரல் இருக்கு, தகரத்துல தட்டின மாதிரி. அது எவ்வளவு வேகமா ஓடினாலும் எழுத்து எழுத்தா வந்து விழும்."

"அப்போ இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?"

"யாரு டீச்சர் கேட்டீங்க? எங்களுக்காக மெஷினெல்லாம் வாங்கி ராப்பகலா ஓட்டுறீங்க. சோறு போடுறவங்ககிட்ட உப்பு ஜாஸ்தின்னு சொல்ல வாய் வருமா?"

கமிட்டியில் நாம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் கண் தெரியும். அந்தக் குரலை முதல் நாள் போட்டுக் காட்டியபோது தலைவர் கை தட்டினார், நானும் தட்டினேன், நீயும் தட்டினாய். பிறகு அந்தக் குரலை எந்தப் பிராசசர் சீக்கிரம் சுமக்கும் என்று நீயும் நானும் அடித்துக்கொண்டோம். சுமையை யார் கேட்டது என்று இருவருமே கேட்கவில்லை.

அந்தத் தகரக் குரலை உன்னால் எடுக்க முடியுமா? இலவசமாகக் கிடைக்கிறது என்று அவரே சொன்னார். மில்லில் ஒரு அத்தியாயத்தைப் போட்டுப் பார். வேண்டாம். இந்தத் தடவை எட்டாகவே போட்டுப் பார்.

அண்ணி

*

ஜூன் 19

அண்ணிக்கு,

நிறுத்தினேன். டெய்லர் மேலே வந்து, "என்ன சார், மில்லு லீவா?" என்றார். சத்தம் நின்றதும் அவருக்குத்தான் முதலில் கை ஓடவில்லையாம்.

தகரக் குரலைப் போட்டேன். எட்டு அத்தியாயங்களையும் கொடுத்துவிட்டு டீ வாங்கக் கீழே போகலாம் என்று செருப்பை மாட்டினேன். ஒரு செருப்பு மாட்டி முடிப்பதற்குள் திரையில் வேலை முடிந்தது என்று வந்துவிட்டது. ஏதோ பிழை என்று நினைத்து மறுபடி போட்டேன். நாற்பது விநாடி. கோப்பைத் திறந்து கேட்டேன், முழு அத்தியாயமும் இருக்கிறது. தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாக இருக்கிறது.

ஆயிரத்து நாற்பத்து நான்கும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தன. வெயில் ஜன்னலுக்கு வருவதற்குள். பிறகு சும்மா இருக்க முடியாமல் என் சொந்த லேப்டாப்பிலும் போட்டுப் பார்த்தேன். என் மகள் கல்லூரியில் பயன்படுத்திவிட்டு எனக்குக் கொடுத்தது. நாலு மணி நேரம். அதாவது நமக்குப் புதிய சர்வரும் தேவையில்லை, பழைய சர்வரும் தேவையில்லை. எதற்காக நீங்களும் நானும் பதினேழு நாளாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தோமோ, அந்த இரண்டுமே தேவையில்லை. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. நேற்று வரவில்லை.

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த அழகுக் குரல்தான் வேலை என்றால் இன்றைக்கும் நான் அறுபத்து நான்கு கோருக்குத்தான் கை தூக்குவேன். வேலை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நேற்று அறுபத்து மூன்று பேருக்கும் மெமரி கார்டு அனுப்பி முடித்தேன். ஆபரேட்டரம்மா நேரில் வந்து வாங்கிக்கொண்டார். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு புள்ளியியலைத் திறந்தார். மூணு மடங்கு வேகம். எனக்கு மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது, அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடத்தில் தலையாட்டல் நின்றது.

"சார், 'படம் நாலு புள்ளி ரெண்டைப் பார்க்க'ன்னு சொல்லுது."

"ஆமாம்மா."

"பார்த்தாச்சு. அடுத்தது என்ன சார்?"

அவர் பக்கத்தைத் தாண்டினார். அடுத்து ஓர் அட்டவணை. முப்பத்தாறு எண்களைத் தகரக் குரல் வரிசையாகக் கொட்டியது, எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே என்று சொல்லாமல். ஆபரேட்டரம்மா கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இந்த அத்தியாயத்துலேருந்து பன்னிரண்டு மார்க் வரும் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. போன் நம்பர் சொல்வதுபோல் சொன்னார்.

உட்கார்ந்து எண்ணினேன். ஐம்பத்தெட்டுப் புத்தகத்திலும் சேர்த்துப் படங்களும் அட்டவணைகளும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அழகுக் குரலும் இவற்றை இப்படித்தான் தாண்டிப் போயிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். இதற்கு எந்தப் பிராசசரும் உதவாது. ஒவ்வொன்றையும் யாராவது பார்த்து, பார்க்காதவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தால் தகரக் குரலில் சேர்க்க எனக்கு ஒரு நிமிடம்.

முப்பத்தெட்டு நாள் இருக்கிறது. புள்ளியியல் நாலாம் அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கால்தானே கட்டுப் போட்டிருக்கிறது.

தம்பி

*

ஜூலை 1

தம்பிக்கு,

புள்ளியியல் புத்தகத்தின் படங்கள் முழுவதும் இத்துடன் வருகின்றன, நாற்பத்தொன்று. முதல் படத்துக்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்று. மீதி நாற்பதுக்கு ஐந்து நாள். ஏன் அப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீயும் இதில் இறங்க வேண்டியிருக்கிறது.

முதல் படத்தை எழுதி ஆபரேட்டரம்மாவுக்குப் போனில் வாசித்தேன். எனக்கு நல்ல திருப்தி. கேட்டுவிட்டு, "டீச்சர், 'மேலே காண்பது போல்'னு ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க" என்றார். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். "இப்போ படத்துல இருக்கிற கலரெல்லாம் தெரிஞ்சுது. கோடு ஏறுதா எறங்குதா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் குச்சியால் கரும்பலகையைத் தட்டி "இதோ, இங்கே" என்றே ஒரு தொழில் காலத்தை ஓட்டியிருக்கிறேன். அந்த "இதோ"வைப் பிடுங்கிக்கொண்டால் என்னிடம் எவ்வளவு குறைவான வார்த்தைகள் இருக்கின்றன.

பாவம், வேலைக்கு நடுவில் அவரையே எத்தனை தடவை கூப்பிடுவது? அவர் படிக்க வேண்டும். ஆகவே மருமகனைப் பிடித்தேன். படத்தைக் காட்டாமல், நான் எழுதியதை மட்டும் வாசித்து, தாளில் வரையச் சொன்னேன். மலைபோல் ஏறி இறங்குகிற கோட்டை எழுதியிருந்தேன், அவர் ஒட்டகம் வரைந்து கொடுத்தார். "அத்தை, நீங்க சொன்னதைத்தான் வரைஞ்சேன்" என்று சத்தியம் செய்கிறார். எழுத்தைத் திருத்தினேன். ஒட்டகத்துக்கு ஒரு திமில் குறைந்தது. ஐந்தாவது தடவை அசலும் அவர் தாளும் ஒன்றாக வந்தன. அதைத்தான் ஆபரேட்டரம்மாவுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு, "அடுத்தது அனுப்புங்க" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. எனக்கு இதுவரை யாரும் இவ்வளவு பெரிய மார்க் போட்டதில்லை.

என்னோடு ஓய்வு பெற்றவர்கள் பதினொரு பேருக்கு, நீ அடுத்து அனுப்பிய பக்கங்களைப் பிரித்து அனுப்பிவிட்டேன். ஒவ்வொருவரும் வீட்டில் யாரையோ பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். கணக்கு டீச்சர் வீட்டுக்காரர் மூன்று நாளாகப் பேசுவதில்லையாம், "பொண்டாட்டி சொல்றது புரியலேன்னு இப்போ எழுத்துலயே நிரூபிச்சாச்சு" என்று. ஆயிரத்து முந்நூறில் இதுவரை இருநூற்றுத் தொண்ணூறு முடிந்திருக்கிறது. பரீட்சைக்குள் எல்லாம் முடியுமா என்று தெரியவில்லை. மார்க் அதிகம் வருகிற அத்தியாயங்களை அந்தந்தத் தேர்வரிடமே கேட்டு, அந்த வரிசையில்தான் எழுதுகிறோம். இந்த முறை கேட்டுவிட்டோம்.

நீ விலகுவதைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லப் போவதில்லை. பொருளாதாரம் ஆறாம் அத்தியாயத்தில் பதினான்கு படங்கள், உன் பங்கு. உறையில் வைத்திருக்கிறேன்.

ஒரு படத்தை எடுத்துக்கொள். அதைப் பார்க்காத ஒருவருக்கு வார்த்தைகளால் மட்டும் சொல்லி ஒரு தாளில் வரையச் சொல். அவர் வரைந்ததும் அசலும் ஒன்றாக வரும்வரை உன் வார்த்தைகளைத் திருத்து, அவர் தாளைத் திருத்தாதே.

அண்ணி